கடிதமா, வாஷரா, பார்வைக் கணக்கா: நிறுத்தப்பட்ட ஒரு விண்வெளித் தொடருக்காக எதைச் செய்வது?

வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை, பெரம்பூரில் நாங்கள் வழக்கமாகக் கூடும் மொட்டை மாடியில், ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் விடாமல் பார்த்துவந்த விண்வெளித் தொடர் இரண்டு சீசன்களோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வெவ்வேறு நாடுகளில் ரசிகர்கள் முயன்றுவருகிறார்கள். திருவொற்றியூர் முதல் வியாசர்பாடி வரை பரவியிருக்கும் எங்கள் இருபத்து மூன்று பேர் அந்த முயற்சியில் எந்த வழியாகச் சேர்வது என்பதுதான் கேள்வி. ஆளுக்கு ஐந்நூறும் ஆயிரமுமாகப் போட்டுச் சேர்த்த 16,000 ரூபாயும், வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரமும்தான் எங்கள் முதல் என்பதால், எல்லா வழியிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்க்கலாம் என்பது எங்களுக்கு இயலாத காரியம். கூட்டத்துக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே யோசித்து வரட்டும் என்றும், வேறு ஊரில் இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்றும் இதை எழுதுகிறேன். தொடரின் பெயரையும் அதை நிறுத்திய ஓடிடி தளத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை. அவர்களிடம் ஒன்றைக் கேட்கப் போகிறவர்கள் நாங்கள். கேட்பதற்கு முன்பே பொதுவில் குறை சொல்வது முறையாகாது.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு சிறுகோளுக்குள் குடைந்து அமைத்த குடியிருப்பில் காற்றைச் சுத்தம் செய்து அனுப்பும் எந்திரங்களைப் பராமரிக்கும் தொழிலாளர்களின் கதை அது. காற்றின் அளவையும் அழுத்தத்தையும் மேல் தளத்தில் இருப்பவர்கள் தீர்மானிப்பார்கள். குழாயின் அருகில் குடியிருப்பவர்கள் கீழ்த் தளத்தில் இருப்பார்கள். மணலி ஆலைகளின் புகையையும் எண்ணூர்ச் சாம்பலையும் சுவாசித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். எங்கள் குழுவில் இருவருடைய உறவினர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். இரண்டாம் சீசனின் கடைசிக் காட்சியில், கீழ்த் தளத்து அடைப்புக் கதவு பாதி இறங்கிய நிலையில், உள்ளே நிற்கும் குடும்பங்கள் என்ன ஆயின என்று காட்டாமலே தொடர் நின்றுவிட்டது. அந்தக் கதவுக்கு அப்பால் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புவதை வெறும் பொழுதுபோக்கு ஆசையாக என்னால் கருத முடியவில்லை.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு தொடரை நிறுத்துகிறவரும் அதற்கு உரிமையாளரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 'தி எக்ஸ்பேன்ஸ்' தொடரை எடுத்துக்கொள்வோம். 2018 மே 11 அன்று சைஃபை சேனல் அதைக் கைவிட்டபோது, அந்தச் சேனலிடம் இருந்தது அமெரிக்காவில் முதல் ஒளிபரப்பைச் செய்யும் உரிமை மட்டுமே; ஒளிபரப்பாகும் நேரத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதிலிருந்துதான் அதற்கு வருமானம் வர வேண்டியிருந்தது. தொடரைத் தயாரித்து உரிமையை வைத்திருந்த ஆல்கான் நிறுவனமோ வேறு இடத்துக்கு விற்கத் தயாராக இருந்தது. ரசிகர்கள் ஒரு லட்சத்துக்கு மேல் கையெழுத்துத் திரட்டினார்கள். சான்டா மோனிகாவில் அமேசான் ஸ்டூடியோவுக்கு மேலே பதாகை கட்டிய விமானத்தைப் பறக்கவிட்டார்கள். மே 25 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த விண்வெளி மாநாடு ஒன்றில் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் தொடர் காப்பாற்றப்பட்டுவிட்டதாக அறிவித்தார். அதன்பின் மூன்று சீசன்கள் வந்து, 2022 ஜனவரியில் தொடர் முறையாக முடிந்தது. விமானத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் விற்க உரிமை உள்ள ஒருவரும் வாங்க மனமுள்ள ஒருவரும் ஏற்கெனவே இருந்ததால்தான் பதினைந்தே நாட்களில் காரியம் நடந்தது. விமானம் அவர்களுக்கு இடையே இருந்த தயக்கத்தைத் தீர்த்தது என்று மட்டுமே சொல்லலாம். எங்கள் தொடரின் ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் வரும் காப்புரிமை வரியில் தளத்தின் பெயர் இல்லை, தயாரிப்பு நிறுவனத்தின் பெயர்தான் இருக்கிறது. ஆகவே நாங்கள் பேச வேண்டியவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

முதல் வழி கடிதம். இதில் எல்லோருக்கும் முன்னோடி 'ஸ்டார் ட்ரெக்'. 1966 செப்டம்பரில் தொடங்கிய அத்தொடர் இரண்டாம் சீசனோடு நின்றுவிடும் என்ற பேச்சு எழுந்தபோது, பிஜோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் என்ற தம்பதி 1967 இறுதியில் கடித இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் பத்துப் பேரிடம் சொல்லி எழுதவைக்க வேண்டும், அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேரிடம் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வகுத்த முறை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் வந்ததாக, தொடரை ஒளிபரப்பிய என்பிசி கணக்குச் சொன்னது. அவ்வளவு வரவில்லை என்று பிறகு எழுதியவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும், 1968 மார்ச் 1 அன்று, ஒரு எபிசோடு முடிந்ததும் தொடர் நீடிக்கும் என்பதை என்பிசி திரையிலேயே அறிவித்தது. அந்தக் காலத்தில் எந்த வீட்டில் யார் என்ன பார்க்கிறார்கள் என்பதை நீல்சன் நிறுவனம் மாதிரி வீடுகளில் மட்டும் அளந்து சொன்னது. அந்த மாதிரியில் இடம்பெறாத வீடுகள் தாங்களும் இருப்பதைத் தெரிவிக்க ஒரே வழி தபால்தான். கடிதத்துக்கு அன்று இருந்த வலிமை அதன் உணர்ச்சியிலிருந்து மட்டும் வரவில்லை. கணக்கில் சேராத ஆட்களைக் கணக்கில் சேர்க்கும் கருவியாகவும் அது இருந்தது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. கிடைத்த மூன்றாம் சீசன் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளப்பட்டது, செலவுத் தொகை குறைக்கப்பட்டது, 1969-இல் தொடர் நின்றேபோனது. ஆனாலும் அந்த மூன்றாம் சீசன் இல்லாமல் 79 எபிசோடுகள் சேர்ந்திருக்காது. அந்த எண்ணிக்கை இருந்ததால்தான் உள்ளூர் நிலையங்கள் தினமும் மறுஒளிபரப்புச் செய்தன, அந்த மறுஒளிபரப்பில்தான் அடுத்த தலைமுறை ரசிகர்கள் உருவானார்கள். அரைகுறையாகக் கிடைத்த வெற்றியும் பத்து ஆண்டுகள் கழித்துப் பலன் தரலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

இரண்டாம் வழி, பொருள் அனுப்புவது. எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு மேல் இதைத்தான் விரும்புகிறார்கள், எனக்கும் மனத்துக்கு நெருக்கமானது இதுவே. அதனால் இதைச் சற்று விரிவாகப் பார்க்கிறேன். 'ஜெரிக்கோ' தொடரை அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான சிபிஎஸ் 2007 மே மாதம் நிறுத்தியது. முதல் சீசனின் கடைசியில், சரணடையச் சொன்ன எதிரிக்கு நாயகன் 'நட்ஸ்' என்று ஒரே சொல்லில் மறுப்பான். இரண்டாம் உலகப் போரில் பாஸ்டோன் நகரில் முற்றுகையிடப்பட்ட அமெரிக்கத் தளபதி ஒருவர் சொன்ன பதில் அது. அச்சொல்லைப் பிடித்துக்கொண்ட ரசிகர்கள் சுமார் இருபது டன் வேர்க்கடலையை சிபிஎஸ் அலுவலகங்களுக்கு அனுப்பினார்கள். ஜூன் மாதமே ஏழு எபிசோடுகளுக்கு அனுமதி கிடைத்தது. இதற்கு முன் 2000-இல் 'ராஸ்வெல்' ரசிகர்கள், கதையில் வரும் வேற்றுக்கிரகவாசிகள் விரும்பிச் சாப்பிடும் டபாஸ்கோ மிளகாய்ச் சாறு பாட்டில்களை அனுப்பியிருந்தார்கள். அந்தத் தொடருக்கும் இரண்டாம் சீசன் கிடைத்தது.

எங்கள் தொடரில் அதற்கு ஈடான பொருள் வாஷர். காற்றுக்குழாய் இணைப்பில் போடும் ஒரு தேய்ந்த செப்பு வாஷரைக் கீழ்த் தளத்து மூத்த பணியாளர் கழுத்தில் கயிற்றில் கோத்துப் போட்டிருப்பார். முதல் விபத்தில் இறந்தவர்களின் நினைவாக அவர் அதை வைத்திருக்கிறார். கொருக்குப்பேட்டையில் லேத்து பட்டறை வைத்திருக்கும் எங்கள் அண்ணன், செம்புதாஸ் தெருவில் தகடு வாங்கி, ஐந்நூறு வாஷரைத் தன் கூலி வாங்காமலே வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மாதிரிக்கு அவர் வெட்டிக்கொண்டுவந்த மூன்றைக் கையில் வாங்கிப் பார்த்தபோது யாருக்கும் பேச்சு வரவில்லை. கடையில் வாங்கிய கடலையைவிட, இந்தத் தொழிலையே செய்கிற ஒருவர் தன் கையால் செய்தது எத்தனையோ மடங்கு உயர்ந்தது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் போய்ச் சேர வேண்டுமே. கடலை அனுப்பியவர்கள் அதே நாட்டில் இருந்தார்கள். இணையத்தில் பணம் கட்டினால் கடைக்காரரே மூட்டையாகக் கொண்டுபோய் இறக்கினார். நாங்கள் லாஸ் ஏஞ்சலிஸுக்கு உலோகம் அனுப்ப வேண்டும். 800 டாலர் வரையிலான பொருட்களுக்கு இருந்த சுங்க விலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் நீக்கியபோது, தீர்வையை யார் எப்படி வசூலிப்பது என்ற தெளிவு இல்லாமல் இந்திய அஞ்சல் துறை பார்சல் ஏற்பதை நிறுத்தி, அக்டோபர் நடுவில்தான் மீண்டும் தொடங்கியது. ஐந்நூறு வாஷரின் எடைக்கும் தீர்வைக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் எங்கள் 16,000 ரூபாய் அதிலேயே கரைந்துவிடும். வழியில் சுங்கச் சோதனையில் நின்றுவிட்டால் வேறு எதற்கும் கையில் காசு இருக்காது. இன்னொன்றும் உண்டு. ஜெரிக்கோவுக்கு அனுமதி தந்தபோது சிபிஎஸ்ஸின் தலைவர்களில் ஒருவரான நீனா டாஸ்லர் ரசிகர்களுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில், இனி நீங்கள் புதிய பார்வையாளர்களைச் சேர்த்துத் தர வேண்டும் என்றே கேட்டுக்கொண்டார். அது நடக்கவில்லை, ஏழு எபிசோடுகள் முடிந்ததும் 2008 மார்ச்சில் தொடர் இரண்டாம் முறையாக நிறுத்தப்பட்டது. பொருள் அவர்களைத் திரும்பிப் பார்க்கவைத்தது. திரும்பிப் பார்த்த பிறகு அவர்கள் கேட்டது ஆள் கணக்கை.

மூன்றாவதாகச் சொல்லப்படும் கூட்டுநிதி வழியை நாங்கள் விட்டுவிடலாம் என்றே நினைக்கிறேன். 2013-இல் 'வெரோனிகா மார்ஸ்' படத்துக்கு 91,585 பேர் சேர்ந்து சுமார் 57 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 2015-இல் 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000' தொடருக்கு 48,000-க்கு மேற்பட்டவர்கள் ஏறத்தாழ அதே அளவு கொடுத்து 14 எபிசோடுகளைப் பெற்றார்கள். முன்னது ஒரு துப்பறியும் கதை. பின்னது பழைய படங்களைப் பார்த்துச் சிலர் பேசிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சி. சிறுகோளின் உட்புறத்தையும் எடையற்று மிதக்கும் மனிதர்களையும் காட்ட வேண்டிய கதைக்கு அந்தத் தொகை இரண்டு எபிசோடுகளுக்குக்கூடப் போதுமா என்பது ஐயமே. மேலும், உரிமையாளர் முன்வந்து தொடங்கினால்தான் இந்த வழி செல்லும். ரசிகர்கள் தாமாகத் திரட்டும் பணத்துக்குச் சட்டப்படி எந்தப் பிடியும் இல்லை.

பார்வைக் கணக்கு என்ற நான்காவது வழி கேட்பதற்கு உப்புச் சப்பில்லாமல் இருக்கும். மாடியில் இதை நான் முதலில் சொன்னபோது ஒருவரும் உற்சாகப்படவில்லை. என்றாலும் என் வாக்கு பெரும்பகுதி இதற்குத்தான். ஒரு தளம் எதை எண்ணுகிறது என்பது முழு ரகசியமும் அல்ல. நெட்ஃபிளிக்ஸ் 2019-இல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு ஒன்றுக்கு அளித்த விளக்கத்தில், ஒரு படைப்பை இரண்டு நிமிடமாவது பார்த்தவர்கள், 70 சதவீதம் பார்த்தவர்கள், 90 சதவீதம் பார்த்தவர்கள் என்று மூன்று வகையாக, முதல் ஏழு நாட்களிலும் முதல் 28 நாட்களிலும் எண்ணி, தயாரிப்பாளர்களுக்குத் தெரிவிப்பதாகச் சொன்னது. எங்கள் தொடர் வெளியான தளம் வேறு. ஆனால் எந்தத் தளமும் தொடங்கியவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர் என்று பார்க்காமல் இருக்க முடியாது.

அந்த இரண்டு எண்களிலும் வடசென்னை எங்கே இருக்கிறது? கூச்சமாக இருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் இருபத்து மூன்று பேரிடம் இருப்பவை ஆறு சந்தாக்கள். கொடுங்கையூரில் ஒரு வீட்டில் ஏழு பேர் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து இரண்டு சீசனையும் பார்த்து முடித்தார்கள். தளத்தின் கணக்கில் அது ஒரே ஒரு பார்வை. இந்தியத் தொலைக்காட்சியை அளக்கும் பார்க் அமைப்பின் மீட்டர் வைத்த வீட்டிலாவது, யார் யார் பார்க்கிறார்கள் என்று ஆளுக்கொரு பொத்தானை அழுத்திப் பதிய வழி உண்டு. ஓடிடியில் புரொஃபைல் ஒன்றுக்கு ஒரு ஆள், அவ்வளவுதான். இன்னும் சிலர் டெலிகிராமில் இறக்கிய கோப்பில் பார்த்தோம். முதல் சீசனுக்குத் தமிழ் டப்பிங் இருந்தது, இரண்டாம் சீசனுக்கு வரவில்லை. சப்டைட்டிலை வேகமாகப் படிக்க முடியாத எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதோடு நின்றுவிட்டார்கள், தொடங்கி முடிக்காதவர்கள் பட்டியலில் அவர்கள் சேர்ந்திருப்பார்கள். இந்தத் தொடரை இத்தனை நேசித்த எங்களில் பெரும்பாலோர் கணக்குப் புத்தகத்தில் இல்லவே இல்லை.

28 நாட்கள் எப்போதோ கடந்துவிட்டனவே, இனிமேல் எண்ணி என்ன பயன் என்று தண்டையார்பேட்டை நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு என் விடை 'மேனிஃபெஸ்ட்' தொடர். 2021 ஜூனில் என்பிசி அதை நிறுத்துவதற்குச் சில நாட்கள் முன்புதான் பழைய சீசன்கள் அமெரிக்க நெட்ஃபிளிக்ஸில் ஏறி, வாரக்கணக்கில் முதலிடத்தில் நின்றன. ஆகஸ்ட் 28 அன்று 20 எபிசோடுகள் கொண்ட இறுதி சீசனை நெட்ஃபிளிக்ஸே அறிவித்தது. ரசிகர்களின் குரலும் அங்கே இருந்தது என்றாலும், பழைய எபிசோடுகளை மக்கள் உட்கார்ந்து பார்த்ததுதான் பேச்சை முடித்தது. எங்களைப் போன்ற சிறு குழு ஒரு நாட்டின் பட்டியலை அசைத்துவிடாது. ஆனால் தமிழ் ஒலித்தடத்தில் முழுமையாகப் பார்ப்பவர்கள் இப்போது மிகக் குறைவாக இருப்பார்கள் என்பதால், அங்கே சில நூறு பேர் கூடினாலும் தனியாகத் தெரிய வாய்ப்பு உண்டு. டிரிம்பிள் தம்பதியின் பத்துக்குப் பத்து முறையை நாங்கள் கடிதத்துக்கு அல்ல, பார்வைக்குப் பயன்படுத்தலாம்.

எந்த வழியில் கேட்பது என்பதைப் போலவே, எதைக் கேட்பது என்பதையும் முடிவு செய்ய வேண்டும். முழு மூன்றாம் சீசனைக் கேட்டால் மறுப்பது எளிது. 'சென்ஸ்8' 2017 ஜூன் 1 அன்று நிறுத்தப்பட்டது; அதன் எட்டு முதன்மைப் பாத்திரங்களில் ஒருவர் மும்பைப் பெண் என்பதால் இந்தியாவிலும் அதற்கு ஆதரவு இருந்தது. ஜூன் 29-க்குள் ஒரு நிறைவு எபிசோடுக்கு அனுமதி கிடைத்து, 2018 ஜூன் 8 அன்று இரண்டரை மணி நேரப் படமாக வெளிவந்தது. 'ஃபார்ஸ்கேப்' ரசிகர்களுக்கு 2004 அக்டோபரில் இரண்டு பாகக் குறுந்தொடராக முடிவு கிடைத்தது. 'டைம்லெஸ்' 2018 டிசம்பர் 20 அன்று இரண்டு எபிசோடு நிறைவோடு விடைபெற்றது. 11 எபிசோடுகள் மட்டும் ஒளிபரப்பாகி நின்ற 'ஃபயர்ஃப்ளை', டிவிடி விற்பனையின் பலத்தால் 2005-இல் திரைப்படமாக வந்ததும் இந்த வகைதான். முடிவை மட்டும் கேட்பது தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்று வியாசர்பாடித் தம்பி ஒருவர் வருத்தத்தோடு சொன்னார். நான் அப்படி எண்ணவில்லை. அந்தக் கதவு இறங்கியதா, நின்றதா, உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்களா என்று கேட்பதற்கு எங்களுக்கு உரிமை இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் அதற்கு விடை சொல்ல முடியும். செட்டுகளைக் கலைத்து, நடிகர்கள் வேறு ஒப்பந்தங்களுக்குப் போய்விட்டால் அதுவும் கைநழுவும் என்பதால், பெரிதாகக் கேட்டுக் காத்திருப்பதைவிட அளவாகக் கேட்டு விரைவாகப் பெறுவதே சரி.

ஆகவே என் வாக்கு இது. 16,000 ரூபாயில் பாதிக்கும் குறைவான தொகையில், சந்தா இல்லாத ஒன்பது வீடுகளுக்கு மூன்று மாதம் மிகக் குறைந்த திட்டத்தில் சந்தா போட வேண்டும். முதல் சீசனைத் தமிழில் தொடக்கம் முதல் கடைசி வரை அவரவர் புரொஃபைலில் பார்த்து, ஆளுக்குப் பத்துப் பேரைப் பார்க்கவைக்க வேண்டும். டெலிகிராம் கோப்புகளை அழித்துவிட வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. அதோடு இருபத்து மூன்று கடிதங்கள், ஒவ்வொன்றும் அவரவர் கையெழுத்தில், தமிழில் எழுதி, மொழிபெயர்ப்பை ஒரு தாளாக இணைத்து, தயாரிப்பு நிறுவனத்தின் பெயருக்கு அனுப்ப வேண்டும். ஒரு வீட்டில் எத்தனை பேர் சேர்ந்து பார்த்தோம், யார் எந்த எபிசோடோடு ஏன் நின்றார்கள், இரண்டாம் சீசனுக்குத் தமிழ் டப்பிங் வந்திருந்தால் யார் தொடர்ந்திருப்பார்கள் என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும். வேறு எந்தத் தளத்தின் கணக்கிலும் இல்லாத இந்த விவரத்தை எங்களால் மட்டுமே அவர்களுக்குத் தர முடியும்.

வாஷரை முழுவதுமாக விட்டுவிட மனம் வரவில்லை. சிறு வயதில் நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவு எடுப்போம் அல்லவா, அதைப் போல ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அண்ணன் வெட்டிய வாஷரைத் தேய்த்துப் பதிக்கலாம் என்று தோன்றுகிறது. தாளுக்கு எடையும் இல்லை, தீர்வையும் இல்லை. பட்டறை அண்ணனிடம் தொலைபேசியில் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பதிவு தெளிவாக விழ வேண்டுமானால் விளிம்பை இன்னும் கொஞ்சம் கூர்மையாக வெட்ட வேண்டும் என்றார். சனிக்கிழமைக்குள் புதிதாக மூன்று வெட்டித் தருகிறார். கடிதத் தாளும் மென்மையான பென்சில்களும் நான் வாங்கி வருகிறேன். கூட்டம் ஐந்து மணிக்கு. எழுதி முடித்தால் மறுநாள் காலையிலேயே ராஜாஜி சாலைத் தலைமை அஞ்சலகத்தில் சேர்த்துவிடலாம்.